இருநூறாவது நாள்

குடித்து முடித்து டம்ளரைக் கீழே வைத்தபோது சுவர்க் கடிகாரத்தில் மணி ஏழு நாற்பத்திரண்டு. குடிக்குமுன் வெறும் வயிற்றில் ஒரு தடவை குத்தியிருந்த, ரத்தம் எடுக்கிற பெண் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, "எட்டு நாப்பத்திரண்டுக்கு ஒரு தடவ, ஒம்பது நாப்பத்திரண்டுக்கு ஒரு தடவ குத்துவோம். அதுவரைக்கும் தண்ணியத் தவிர ஒண்ணும் கூடாது. எந்திரிச்சு நடக்கக் கூடாது. வாந்தி எடுத்துட்டீங்கன்னா இன்னைக்கு டெஸ்ட் கிடையாது, இன்னொரு நாள் மொதல்லருந்து வரணும்," என்றாள். சண்முகவடிவு தலையை ஆட்டினாள். வாயைத் திறந்து பதில் சொன்னால் உள்ளே போனது வெளியே வந்துவிடும் போலிருந்தது. எழுபத்தைந்து கிராம் குளுக்கோஸ். இனிப்பு என்று அதைச் சொல்ல முடியாது, இனிப்புக்கும் அப்பால் எங்கேயோ போய் நின்றது அது, நாக்கின் இரண்டு ஓரத்திலும் மாவு பூசியதுபோல. முதலில் குடித்துப் பார்த்தவர் யாராயிருக்கும், கர்ப்பிணிக்கு இதைக் கொடுத்துவிட்டு இரண்டு மணி நேரம் உட்காரவைத்தால் உள்ளே இருப்பது தெரியவரும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும், ஏன் ஒன்றரை மணி நேரமாக இல்லாமல் இரண்டு, என்றெல்லாம் அவள் யோசித்தாள். யோசித்தால் குமட்டல் சற்றுத் தள்ளி நின்றது. வரிசையாகப் போட்டிருந்த இரும்பு நாற்காலிகளில் சுவரோரமாக ஒன்றைப் பிடித்து, கைப்பையை மடியில் வைத்தாள். மடி என்று இப்போது அதிகம் மிச்சமில்லை, முழங்காலுக்கு முன்னால் ஒரு சாண் இருந்தது. பைக்குள் கைபேசி இருந்தது. கைபேசிக்குள், படம் எடுக்கிற ரெபேக்காவின் செய்தி இருந்தது. அதை அவள் காலையிலிருந்து நான்கு முறை படித்துவிட்டாள்.

அக்கா, சனிக்கிழமை காலை ஆறரைக்கு ஒரு இடம் காலியாகியிருக்கு, அதை விட்டா எனக்கு ஆகஸ்ட் இருபதுக்கு மேலதான், இன்னைக்குப் பத்து மணிக்குள்ள சொல்லிட்டீங்கன்னா உங்களுக்கே வச்சிருதேன், இன்னொருத்தங்களும் கேக்காங்க, இருபத்தெட்டு வாரத்துல இருந்து முப்பத்திரண்டுக்குள்ளதான் சரியான நேரம், வயிறும் நல்லா தெரியும், நிக்கவும் உக்காரவும் கஷ்டமிருக்காது. சரியான நேரம். வடிவு அந்த இரண்டு வார்த்தையில்தான் ஒவ்வொரு முறையும் தடுக்கினாள். அவள் நில அளவர், பாளையங்கோட்டை தாலுகா அலுவலகத்தில் பதினோரு வருஷம், சரியான இடம் என்றால் என்னவென்று அவளுக்குத் தெரியும், நாடாவைப் பிடித்து, கல்லைத் தேடி, பழைய வரைபடத்தோடு ஒட்டிப் பார்த்து இதுதான் என்று சொல்லிவிடலாம், சண்டை போடுகிற அண்ணன் தம்பி இரண்டு பேரும் கடைசியில் அந்தக் கல்லுக்குத் தலை குனிவார்கள். நேரத்துக்கு அப்படி எந்தக் கல்லும் கிடையாது. இன்று செவ்வாய்க்கிழமை. இன்றோடு இருபத்தெட்டு வாரம், நூற்றுத் தொண்ணூற்றாறு நாள். புதன் தொண்ணூற்றேழு, வியாழன் தொண்ணூற்றெட்டு, வெள்ளி தொண்ணூற்றொன்பது. எண்ணாமல் இருக்க அவளுக்குத் தெரியவில்லை. சனிக்கிழமை இருநூறு. போன கர்ப்பத்தில் எல்லாம் நின்றது இருநூறாவது நாள். ரெபேக்காவுக்கு அது தெரியாது. அத்தைக்குத் தெரியாது. கட்ச் பாலைவனத்தில் காற்றாலை மேல் ஏறி நிற்கிற கணவன் இசக்கிக்கும் தெரியாது, அவனுக்கு ஏழாம் மாசம் என்றுதான் ஞாபகமிருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான், ஏழாம் மாசத்துல போச்சு என்பார்கள். நாளாக எண்ணி வைத்திருப்பது அவள் ஒருத்தி. களப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, ஐந்து கோட்டுக்கு ஒரு கட்டு.

அத்தைக்கு, இசக்கியின் அம்மாவுக்கு, வேறு கணக்கு. அத்தை நேற்றுச் சாயங்காலம் நாட்காட்டியை ஆணியிலிருந்து கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, "எடுக்கணும்னா ஆடி பொறக்கதுக்குள்ள எடுத்துரு. இல்லன்னா ஆவணியில வளைகாப்பு போட்டுட்டு, வளையலோட எடு. நடுவுல மட்டும் வேண்டாம், சரியா?" என்றாள். ஆடி பத்து நாளில் பிறக்கிறது. ரெபேக்கா சொல்கிற சரியான நேரத்தில் பாதிக்கு மேல் ஆடிக்குள் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. ஆவணி பிறக்கும்போது முப்பத்துநாலாவது வாரம். அப்போதுதான் இசக்கிக்கும் லீவு. அப்போது காலில் நீர் கோத்திருக்கும், முகம் வீங்கியிருக்கும், மருத்துவர் படு என்று சொல்லியிருக்கலாம், அல்லது, அல்லது என்று வருகிற இடத்தில் வடிவு மனசைத் திருப்பிவிடுவாள், வண்டியைச் சகதிக்கு முன்னால் திருப்புவதுபோல. ஆடியில் எடுத்தால் என்ன ஆகும் அத்தை என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அத்தையும் பயந்துபோய்த்தான் இருக்கிறாள். தினமும் காலையில் காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "நல்லா தூங்குனியா?" என்று கேட்பாள், கேட்கும்போது பார்வை முகத்தில் இருக்காது, வயிற்றில் இருக்கும். அசைகிறதா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. "தூங்குனேன் அத்தை, ரெண்டு தடவ உள்ள இருந்து எழுப்பி விட்டுட்டுது," என்று இவள் சொல்வாள். அதைக் கேட்ட பிறகுதான் அத்தை அடுப்படிக்குத் திரும்பிப் போவாள். இருவரும் இப்படி ஒரு பாஷை பேசிக்கொண்டு நான்கு மாதமாக ஒரே வீட்டில் இருக்கிறார்கள். சனிக்கிழமை ஆடிக்கு முன்னால்தான், அத்தை கணக்கில் சரி. இருபத்தெட்டாவது வாரம், ரெபேக்கா கணக்கிலும் சரி. எல்லோர் கணக்கிலும் சரியாக வருகிற அந்த ஒரு நாள் இவள் கணக்கில் மட்டும் இப்படி வந்து நின்றது என்ன விதி என்று நினைத்தாள், உடனே, விதி இல்லை, கூட்டல், என்றும் நினைத்தாள்.

படம் எடுக்க வேண்டும் என்ற ஆசை எப்போது வந்தது என்று பின்னால் போய்த் தேடினாள். ஆசை என்றுகூடச் சொல்ல முடியாது, தெரிந்துகொள்ள வேண்டும் என்பது மாதிரி ஒன்று. போன தடவை அந்த ஆறு ஏழு மாதம் அவள் எப்படி இருந்தாள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு படம் இல்லை. ஏழாம் மாசம் எடுத்துக்கலாம், வயிறு நல்லா தெரியட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள், அவளும் சொன்னாள். அப்புறம் அந்த வயிறு போய்விட்டது. அலமாரிக் கண்ணாடி முன்னால் நின்று எவ்வளவு தூரம் முன்னால் தள்ளியிருந்தது என்று கையை வைத்துப் பார்ப்பாள், கை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் நிற்கும். இருந்த ஒன்றின் எல்லை மறந்துபோவது எப்படி, அதுவும் அவளுக்கு. இந்தத் தடவை மருத்துவர் நாடாவை வைத்து அடிவயிற்று எலும்பிலிருந்து மேலே அளந்து, "இருபத்தாறு சென்டிமீட்டர், இருபத்தாறு வாரம்," என்று சொன்னபோது அவள் படுத்திருந்த கட்டிலிலேயே எழுந்து உட்காரப் பார்த்தாள். "வாரமும் சென்டிமீட்டரும் ஒண்ணா வருமா டாக்டர்? எப்பவுமா? எல்லாருக்குமா?" மருத்துவர் சிரித்தார். அன்று முதல் அலுவலக நாடாவை வீட்டுக்குக் கொண்டுவந்து ராத்திரி படுக்கும் முன் அளக்கிறாள், சில ராத்திரி ஒரு சென்டிமீட்டர் கூடும், சில ராத்திரி குறையும், தான் அளப்பதில்தான் பிழை என்று தெரிந்தும் குறைந்த ராத்திரி தூக்கம் வராது. அம்மாவிடம் போனில் கேட்டாள், நான் வயித்துல இருக்கும்போது எடுத்த போட்டோ இருக்காம்மா என்று. "வயித்தக் காட்டிக்கிட்டு யாரும் போட்டோவுக்கு நிப்பாளா? கல்யாண வீட்டுல எடுத்தாக்கூட நாங்க சேலைய இழுத்து மூடிக்கிட்டு பின்னால போய் நிப்போம்," என்றாள் அம்மா. அதாவது அம்மா எங்கோ ஒரு கல்யாண வீட்டுப் படத்தில் யாரோ ஒருவர் தோளுக்குப் பின்னால் நிற்கிறாள், அந்தத் தோளுக்குக் கீழே சண்முகவடிவும் இருக்கிறாள். ரெபேக்காவின் கடையில் பார்த்த படங்களில் பெண்கள் ஆற்றங்கரையில் நின்றார்கள், தரையில் புரள்கிற கவுன் போட்டுக்கொண்டு, இரண்டு கையாலும் வயிற்றை ஏந்திக்கொண்டு, கண்ணைக் கீழே தாழ்த்தி. எல்லோரும் ஒரே மாதிரிதான் நின்றார்கள். ஆனால் ஒரு பெண் மட்டும் சிரிப்பை அடக்க முடியாமல் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். "இவங்களுக்கு அந்த நேரம் பாத்து உள்ள இருந்து ஓங்கி ஒரு உதை," என்றாள் ரெபேக்கா. வடிவு அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த உதை படத்தில் இல்லை, உதைபட்டவள் முகம்தான் இருந்தது.

"யக்கா, உங்களுக்குக் கொமட்டுதா? எனக்கு உசிரே போவுது." பக்கத்து நாற்காலியில் புர்காவும் வியர்வையுமாக ஒரு பெண் வந்து உட்கார்ந்திருந்தாள், இருபத்தைந்து இருபத்தாறு வயது இருக்கும், கையில் எலுமிச்சம்பழம். அதை மூக்கில் வைத்து இழுத்துவிட்டு இவளிடம் நீட்டினாள். "மோந்துக்கிடுங்க. திங்கத்தானே கூடாதுன்னாங்க, மோக்கக் கூடாதுன்னு சொல்லலியே." வடிவு வாங்கி மோந்தாள். தொண்டை வரை வந்து நின்றது கொஞ்சம் இறங்கியது. அவள் பெயர் மைமூன், மேலப்பாளையம், இது மூணாவது, முதல் இரண்டுக்கும் சர்க்கரை இல்லை, இதுக்கு என்னமோ பார்க்கச் சொல்லிவிட்டார்கள், எல்லாம் ஒரே மூச்சில் வந்தது. "உங்களுக்கு மொதப் புள்ளையா?" என்று கேட்டாள். ஆமா, என்று வடிவு சொன்னாள். வாய் தானாகச் சொல்லிவிட்டது. மருத்துவமனைத் தாளில் இந்தக் கேள்விக்கு எண்ணால் பதில் எழுதுவார்கள், கர்ப்பம் இரண்டு, உயிரோடு பூஜ்யம், அது சுலபம், எண் யாரையும் ஏறிட்டுப் பார்க்காது. ஆமா என்றதும் ஒரு கதவை இழுத்துச் சாத்தினதுபோல இருந்தது, சாத்தின கதவுக்கு வெளியே யாரோ நிற்பதுபோல. "அப்ப பயமா இருக்கும், மொதலுக்கு எல்லாமே பயந்தான்," என்று மைமூன் ஆறுதல் சொன்னாள். "ரெண்டு மணி நேரம் உக்கார வச்சுட்டாங்களே, எதையாவது பேசுங்க யக்கா, பேசாட்டா வாந்தி வந்துரும்." வடிவு கைபேசியை எடுத்து ரெபேக்காவின் செய்தியைக் காட்டினாள். மைமூன் எழுத்துக் கூட்டிப் படித்தாள். "வயித்தைப் போட்டோ எடுக்கதா? எதுக்கு?" கேலி இல்லை அந்தக் குரலில், உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "பின்னால பாக்கதுக்கு." "பின்னாலதான் புள்ளையே இருக்குமே, அதப் பாத்தா போதாதா?" வடிவு கைபேசியை வாங்கிப் பைக்குள் வைத்தாள். "ஆனா ஒண்ணு," என்று மைமூன் தானே சொன்னாள், "மூத்தவன் வயித்துல இருக்கையில நான் பாத்திரம் வெளக்குததை எங்க மச்சான் போன்ல எடுத்து வச்சிருக்காரு. முதுகுதான் தெரியுது. அதை அவன்ட்ட காட்டி, இதுக்கு அந்தப் பக்கம் நீ இருக்கன்னு சொன்னா, போனைத் திருப்பித் திருப்பிப் பாக்கான், பின்னால இருக்கோமான்னு."

வடிவு சிரித்தாள். சிரித்தபோது வயிறு குலுங்கியது, குலுங்கின வயிற்றுக்குள் ஒன்றும் அசையவில்லை. அதைக் கவனித்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. காலையில் எழுந்ததிலிருந்து அசைந்ததா. ஐந்தரைக்கு ஒரு உருளல் இருந்தது, அல்லது அது வெறும் வயிற்றின் இரைச்சலா. ஆட்டோவில் வரும்போது குலுக்கலில் தெரியவில்லை. கையை விலாவுக்குக் கீழே வைத்து அழுத்தினாள். அன்றைக்கும் இப்படித்தான், அன்றைக்கும் எப்போது கடைசியாக அசைந்தது என்று பின்னால் போய்ப் போய்த் தேடினாள், மானூர் பக்கம் ஒரு புன்செய்யில் கல் தேடிக்கொண்டிருந்தார்கள், வெயில், கருவேல முள், நாடாவின் மறுமுனையைப் பிடித்திருந்த தலையாரி ஏதோ சொல்லிச் சிரிக்க இவளும் சிரித்தாள், அப்போது அசைந்ததா, மோர் குடித்தபோது அசைந்ததா. ராத்திரி இசக்கி கையை வைத்துப் பார்த்துவிட்டு, தூங்குதா இருக்கும் என்றான். விடியும்வரை தூங்குகிறது என்றே நினைத்துக்கொண்டு படுத்திருந்தார்கள் இரண்டு பேரும். அதற்கு இரண்டு வாரத்துக்கு முன்னால் இதே குளுக்கோஸைக் குடித்து, அரை மணியில் வாந்தி எடுத்து, இன்னொரு நாள் வாங்க என்று அனுப்பிவிட்டார்கள். அந்த இன்னொரு நாள் அளவைப் பணியில் போயிற்று, அடுத்ததும் போயிற்று. அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, சர்க்கரை இருந்ததாக ஒரு அடையாளமும் இல்லை, காரணம் சில சமயம் தெரியாமலே போய்விடும் என்று மருத்துவர் மூன்று முறை சொன்னார். தெரியாமலே போய்விடும் என்பதை அவளால் ஏற்க முடியவில்லை. எந்த வரப்பும் ஒரு காரணத்தோடுதான் வளைகிறது, தோண்டினால் கீழே ஒரு கல்லோ வேரோ இருக்கும். தோண்டிக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷம் தோண்டியதில் கிடைத்தது குடித்து வாந்தி எடுத்த ஒரு டம்ளர் குளுக்கோஸ் மட்டும்தான். அதனால்தான் இன்று வாந்தி எடுக்கக் கூடாது. எடுக்க மாட்டேன். எலுமிச்சம்பழத்தை மறுபடி வாங்கினாள். அசைந்துவிடு, இனிப்பு அவ்வளவும் உனக்குத்தானே வருகிறது, ஒரு தடவை. எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரும், குடலிலிருந்து ரத்தத்துக்கு, ரத்தத்திலிருந்து கொடிக்கு, கொடியிலிருந்து உனக்கு, அங்கே அது இனிக்குமா, இனிப்பு என்று உனக்குத் தெரியுமா.

எட்டு நாற்பத்திரண்டுக்குப் பெயர் சொல்லி அழைத்தார்கள். கையை நீட்டி, ரப்பர் பட்டையைக் கட்டி, நரம்பைத் தட்டித் தேடிக்கொண்டிருக்கும்போது இடது விலாவுக்குக் கீழே ஒரு குத்து விழுந்தது. தொடர்ந்து இன்னொன்று. அப்புறம் யாரோ பாயைச் சுருட்டுவதுபோல ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை ஒரு பெரிய உருளல். "வலிக்கா?" என்றாள் ரத்தம் எடுக்கிற பெண், இவள் முகத்தைப் பார்த்து. "இல்ல, இல்ல, நீங்க எடுங்க," என்றாள் வடிவு. ஊசி ஏறினதும் இறங்கினதும் தெரியவில்லை. ஒரு மணி நேரம், அறுபது நிமிஷம் ஆகியிருக்கிறது அங்கே போய்ச் சேர. பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு நாற்காலிக்குத் திரும்பி வந்தபோது மைமூனிடம் அதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது, ஆனால் சொல்ல வந்தது வேறாக இருந்தது. "மைமூன், நான் உங்கட்ட பொய் சொல்லிட்டேன். இது எனக்கு மொதப் புள்ள இல்ல. ரெண்டாவது." மைமூன் அவளைப் பார்த்தாள். ஐயோ பாவமே என்று சொல்வாள், அல்லா பார்த்துக்கொள்வான் என்று சொல்வாள், எதற்கும் தயாராக வடிவு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "ஆணா, பொண்ணா?" "பொண்ணு." "யாரு மாரி இருந்தா?" இரண்டு வருஷத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. எப்படி ஆச்சு என்று கேட்டார்கள், எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மாசம், அடுத்தது எப்போ என்று கேட்டார்கள். பிறந்த பிள்ளையைப் பற்றிக் கேட்கிற கேள்வியை மைமூன் கேட்டுவிட்டாள், அண்டை வீட்டில் பிள்ளை பிறந்தால் கேட்பதுபோல. "நான் பாக்கல," என்றாள் வடிவு. "பாக்கீங்களான்னு நர்ஸ் கேட்டாங்க. நான் வேண்டாம்னு சொவரப் பாத்துத் திரும்பிட்டேன். எங்க வீட்டுக்காரங்க பாத்தாங்க. தூக்கிக்கிட்டு கொஞ்ச நேரம் நின்னாங்க. அது எனக்குக் கேட்டுது, காலடி கேட்டுது." "பொறவு அவங்கட்ட கேக்கலியா?" "கேக்கல." "ஏன் யக்கா?" ஏன் என்று வடிவும் யோசித்தாள். கேட்டால் அவன் உடைந்துபோவான் என்று நினைத்தாள் கொஞ்ச நாள். தான் உடைந்துபோவோம் என்று நினைத்தாள். பிறகு கேட்பதற்கான நேரம் கடந்துவிட்டது என்று தோன்றியது, ஒரு வருஷம் கழித்து, சோறு போட்டுக்கொண்டிருக்கையில், அவ எப்படி இருந்தா என்று எப்படித் தொடங்குவது. ஆனால் கேள்வி போகவில்லை. பஸ்ஸில் எதிர் இருக்கையில் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் மூக்கு எப்படி இருந்திருக்கும், நெற்றி ஏறியிருந்ததா என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

ஒன்பதேகாலுக்குக் கைபேசி அதிர்ந்தது. இசக்கி. இந்த நேரத்தில் அவன் அழைப்பதில்லை, காற்று அடிக்கிற மாதங்களில் அவனுக்கு விடிந்ததிலிருந்து வேலை. காதில் வைத்ததும் முதலில் காற்றுதான் கேட்டது, பிறகு எதன் மறைவிலோ ஒதுங்கியதுபோல அது அடங்கியது. "குடிச்சிட்டியா? வாந்தி வருதா?" "வரல. எலுமிச்சம்பழம் கெடச்சிருக்கு." "சரி. வடிவு, ஒரு விஷயம். வியாழக்கிழமையிலருந்து ஒரு வாரம் லீவு போட்டிருக்கேன். சனிக்கிழமை காலம்பற ஏழு மணிக்கெல்லாம் ரயில் வந்துரும்." வடிவு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இப்பவா? சீசன்ல லீவு தரவே மாட்டாங்கன்னு சொன்னீங்களே. ஆவணியில வாரதாத்தானே பேச்சு?" "ஆவணியிலயும் வருவேன். இது தனி." "என்னத்துக்குங்க இப்ப?" பின்னால் யாரோ இந்தியில் கூப்பிட்டார்கள், அவன் பதில் குரல் கொடுத்துவிட்டு வந்தான். "சனிக்கிழமை இருநூறுல்லா," என்றான். "யாரு சொன்னா உங்களுக்கு?" "யாரு சொல்லணும்? ஸ்கேன்ல போட்டிருக்க தேதியிலருந்து எண்ணிட்டு வாரேன். டியூட்டி நோட்டுல ஓரத்துல தெனமும் நம்பர் போடுவேன், இன்னைக்கு தொண்ணூத்தாறு. உனக்குத் தெரியாம இருந்தா தெரியாமலே போவட்டும்னு நெனச்சேன். சும்மா லீவுன்னு சொல்லிக்கிட்டு வந்து, அன்னைக்குப் பக்கத்துல இருந்துக்கிடலாம்னு. நீ என்னத்துக்குன்னு கேட்டுட்ட." குஜராத்தின் எல்லையில் ஒரு நோட்டின் ஓரத்தில், பாளையங்கோட்டையில் ஒரு களப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில், ஒருவருக்கொருவர் தெரியாமல், ஒருவரையொருவர் பயமுறுத்திவிடக் கூடாதென்று, ஒரே எண்ணை எழுதிக்கொண்டிருந்திருக்கிறார்கள். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், வரவில்லை, வேறொன்றுதான் வந்தது. பக்கத்தில் மைமூன் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு வேறெங்கோ பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாள். "ஒண்ணு கேக்கவா?" என்றாள் வடிவு. "கேளு." "அவ எப்படி இருந்தா?" காற்று மறுபடி பலமாகக் கேட்டது, அவன் மறைவை விட்டு நகர்ந்துவிட்டதுபோல. வைத்துவிடுவானோ என்று பயந்தாள். "தல நெறய முடி," என்றான் இசக்கி. "அவ்வளவு முடி இருக்கும்னு நான் நெனைக்கவே இல்ல. நனஞ்சு நெத்தியில ஒட்டியிருந்துச்சு, நான்தான் வெலக்கி விட்டேன். உன் மூக்கு. காது மட்டும் யாரோடதுன்னு தெரியல, சின்னதா, மடங்குனாப்புல. எங்க வீட்டுலயும் அப்படி யாருக்கும் இல்ல, உங்க வீட்டுலயும் இல்ல. நானும் ரெண்டு வருசமா எல்லார் காதையும் பாக்கேன்." "ஏங்க இத்தன நாளும் சொல்லல?" "நீ கேக்கல. நீயாக் கேக்காம எப்படி சொல்ல?" சரிதான் என்று வடிவு நினைத்தாள். முடி, மூக்கு, காது. ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், அவை வந்து உரிய இடத்தில் உட்கார்ந்தன. மடங்கிய காது எந்தப் பக்கம், வலதா இடதா, இரண்டுமா என்று கேட்க வாயெடுத்தாள், சனிக்கிழமை நேரில் கேட்டுக்கொள்ளலாம் என்று விட்டாள். "சரி, சூதானமா ஏறுங்க," என்று சொல்லி வைத்தாள்.

ஒன்பது நாற்பத்திரண்டுக்கு மூன்றாவது குத்து. "முடிஞ்சுது, சாப்பிடப் போங்க, ரிசல்ட் சாயந்திரம் போன்ல வரும்," என்றார்கள். சர்க்கரை இருக்குமோ இருக்காதோ, சாயந்திரம் தெரியும், இருந்தால் சாப்பாட்டை மாற்றச் சொல்வார்கள், மாற்றிக்கொள்ளலாம். வாந்தி எடுக்கவில்லை. இரண்டு மணி நேரம் முழுசாக உட்கார்ந்துவிட்டாள். அதுவே மலை ஏறி இறங்கின மாதிரி இருந்தது. பத்து மணிக்குப் பன்னிரண்டு நிமிஷம் இருக்கும்போது ஆய்வகத்து வாசலில், தூணில் சாய்ந்து நின்றுகொண்டு ரெபேக்காவை அழைத்தாள். மைமூனுக்கு இன்னும் பத்து நிமிஷம் பாக்கி, அவள் உள்ளிருந்து எட்டிப் பார்த்து, இருங்க, சேந்தே சாப்பிடப் போவோம் என்று சைகை காட்டினாள். "ரெபேக்கா, சனிக்கிழமை எனக்கே வச்சிருங்க. ஆனா காலையில வேண்டாம், அவங்க அன்னைக்குக் காலம்பறதான் ரயிலை விட்டு எறங்குதாங்க. சாயந்திரம் முடியுமா?" ரெபேக்கா ஏதோ புரட்டினாள். "அஞ்சு மணிக்காரங்கள காலைக்கு மாத்திட்டு அப்ப வரலாம்க்கா. அந்த வெளிச்சமும் நல்லாத்தான் இருக்கும், அண்ணனும் இருந்தா இன்னும் நல்லது. கவுன் எது வேணும், நான் கொண்டு வரேன்." "கவுன் வேண்டாம். சேலைதான். என் சேலை." "சரிக்கா. மாத்துத் தேதி ஒண்ணு வாங்கிக்கிடுவோம் எல்லார்ட்டயும். மழ பெஞ்சுட்டா, இல்ல அன்னைக்குன்னு பாத்து உங்களுக்கு என்னமும்..." ரெபேக்கா சட்டென்று நிறுத்திக்கொண்டாள். அந்த நிறுத்தலில் வடிவு நின்றாள். சனிக்கிழமைக்கு அந்தப் பக்கம் ஒரு தேதியை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை, அலுவலகத்தில் பிரசவ விடுப்புக்குக்கூட இன்னும் எழுதிக் கொடுக்கவில்லை, பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டிருந்தாள். உள்ளே மறுபடி ஒரு உருளல் வந்தது, இப்போது வலப்பக்கம், முழங்காலோ முழங்கையோ. எதுவென்று கையை வைத்துப் பார்த்தாள், தெரியவில்லை. "ஆவணி அஞ்சு, ஆறு, அந்த வாரத்துல ஒரு நாள் போட்டுக்கிடுங்க," என்றாள். "முப்பத்துநாலு முடிஞ்சிருக்கும்." "மழ வந்தா அன்னைக்கு எடுத்துருவோம், என்ன?" "மழை வந்தாலும் வராட்டாலும் அன்னைக்கும் வாங்க."

மைமூன் கையை மடக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். பசியில் முகம் சுருங்கியிருந்தது. எதிரில் இட்லிக்கடை இருந்தது, இரண்டு பேரும் சாலையைக் கடக்க ஆட்டோக்கள் ஓய்வதற்காக ஓரத்தில் நின்றார்கள். "என்ன யக்கா, போட்டோக்காரிட்ட சொல்லியாச்சா? எந்த நாளு சரின்னு முடிவு பண்ணுனீக?" "ரெண்டு நாளும் எடுக்கோம். இந்தச் சனிக்கிழமை ஒண்ணு. ஆவணியில ஒண்ணு." "ரெண்டு தடவையா?" மைமூன் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஒரே வயிறுதான? இன்னும் கொஞ்சம் பெருசா இருக்கும். அத ரெண்டு தடவ எடுத்து என்ன தெரியப் போவுது?"

"தெரியல மைமூன்," என்றாள் வடிவு. "எடுத்தாத்தான் தெரியும்."